டிராகன் வீரன் வேண்டாம் என்றேன்

17 ஆகஸ்ட் 2008, ஞாயிறு

இன்று மதியம் சரவணனோடு சண்டை. ஆறாம் வகுப்பிலிருந்து கூட இருக்கிறவன். அல்லிநகரத்தில் அவன் வீட்டு மாடியில்தான் ஒரு வருஷமாக நாங்கள் நாலு பேர் பகடை உருட்டிக் கதை ஆட்டம் ஆடுகிறோம். கதையை நடத்துவது நான், விதிகளை எழுதியதும் நான். வாள்வீரன், வில்லாளி, வைத்தியர் என்று ஆளுக்கொரு வேஷம். சரவணனுக்கு வாள் அலுத்துவிட்டது. டிராகன்மேல் ஏறிப் பறக்கிற வீரன் என்று புது வேஷம் கேட்டான். முடியாது என்றேன்.

"ஏன்டா?"

"நீ மேலருந்தே நெருப்பக் கக்கவிட்டு எல்லாத்தையும் முடிச்சிருவ. கீழ நடந்து வர்றவங்க எதுக்கு? எந்தங்கச்சி வைத்தியர். அவளுக்கு என்ன வேல இருக்கும்?"

அவன் தன் வேஷம் எழுதிய தாளை நாலாகக் கிழித்தான். "ஒன் ஆட்டம்னா ஒன் வீட்லயே ஆடுலே. இனி இங்கன வராத."

தங்கை மலரோடு பஸ் ஏறினேன். பழனிசெட்டிபட்டியில் இறங்கியதும் கேட்டாள்: "எனக்காகப் பேசினியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே? டிராகனுக்கு அடிபட்டா யாரு மருந்து போடுவா? நாந்தான? எனக்கு ஆசையா இருந்துச்சு."

அவளைச் சாக்காகத்தான் சொன்னேன். என் கதை என் கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் பயம்.

அதைச் சொல்லிவிடச் சாயங்காலம் சரவணனுக்குப் போன் பண்ணினேன். அவன் அம்மா எடுத்தார்கள். "பக்கத்துலதான் இருக்கான். பேச மாட்டேங்கிறானேய்யா."

விதி நோட்டில் 'டிராகன் வீரன்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். காலையில் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகவேண்டும். கதவைத் திறப்பானா, தெரியவில்லை.