ஞாயிற்றுக்கிழமைத் தட்டு

திசாஹால்மோஷ்,
மார்ச் 17

புடாபெஸ்டில் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் அன்பு அண்ணன் தெஜோவுக்கு,

நான் நலம். என் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. எழுந்திரு என்றால் உட்கார் என்கிறது. போனில் அரசியல் பேசாதே என்று நீ கண்டித்திருப்பதால் தபால்தலைக்குச் செலவழிக்கிறேன்.

உங்கள் பிரதமரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஞாயிறு ஆண்டவரின் நாள், குடும்பத்தின் நாள், அதனால் கடைகளை மூட வேண்டும். திறந்தே ஆக வேண்டுமென்றால் கல்லாவில் முதலாளியோ அவர் குடும்பத்தாரோ மட்டும் நிற்கலாம். சம்பளத்துக்கு ஆள் நிற்கக் கூடாது. வானொலியில் கேட்டபோது நான்கூடத் தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது.

ஞாயிறு காலையில் நான் எங்கே இருப்பேன்? கோயிலில், ஆர்கன் முன்னால், சுரத்தைத் தப்பும் தவறுமாக அழுத்திக்கொண்டு. பண்ணைச் சனங்களின் பஸ் பூசைக்கு முன்னால் வந்து, பூசை முடிந்த கையோடு கிளம்பிவிடும். வாரத்துக்கு வேண்டிய மாவு, சர்க்கரை எல்லாம் அந்த நேரத்துக்குள்தான் வாங்குவார்கள். என் கடை உயிரோடு இருப்பதே அந்த வியாபாரத்தால். இத்தனை நாளும் கல்லாவில் நின்றவள் போர்பாலா. ஞாபகமிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் உன் தொப்பியைக் கிணற்றில் போட்டவள். பாவம், வார நாட்களில் படுக்கையில் கிடக்கும் புருஷனை விட்டு அவளால் அசைய முடியாது. ஞாயிறு மட்டும் நாத்தனார் வந்து உட்காருகிறாள். அந்த ஒரு நாள் கூலியில்தான் அந்த வீட்டில் மருந்து வாங்குகிறார்கள்.

ஆக, ஆண்டவரின் நாளைக் காப்பாற்ற வந்த சட்டம், ஆண்டவருக்கு வாசிக்கிறவளை எழுப்பிக் கல்லாவில் உட்கார வைக்கிறது. எனக்குக் குடும்பம் ஏது? புருஷன் என்று ஒருவர் இருந்தார். அவரை இப்போது இன்னொருத்தி குடும்பமாக வைத்திருக்கிறாள். மிச்சம் நீ ஒருவன்தான். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து மாவு நிறுத்துப் போடுவாயா? முடியாதென்றால், அரசாங்கத்தில் இருக்கிறாயே, போர்பாலாவுக்கு ஒரு வழி சொல்லு.

பதிலை எதிர்பார்த்து, கல்லாவுக்கும் கோயிலுக்கும் நடுத்தெருவில் நிற்கும்
உன் தங்கை எட்டெல்கா


புடாபெஸ்ட்,
மார்ச் 26

அன்புத் தங்கை எட்டெல்காவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. பிரதமர் இந்தச் சட்டத்தை உள்ளார்ந்த நம்பிக்கையோடு கொண்டுவந்திருக்கிறார். குடும்பங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே நோக்கம். நான் மரபுப் பிரிவு அதிகாரி. விதிவிலக்கு வாங்கித் தரும் அதிகாரம் எனக்கில்லை. ஆர்கனை வேறு யாருக்காவது கற்றுக் கொடுத்துவிடேன். கேட்பவர்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

எங்கள் துறை வெளியிட்ட 'நம் மரபு, நம் குடும்பம்' என்ற கையேட்டை இத்துடன் அனுப்புகிறேன். முன்னுரை பிரதமருடையது. வெள்ளை ஞாயிறு பற்றிய அத்தியாயம் நான் எழுதியது. வாசித்து அபிப்பிராயம் எழுது. முழங்காலுக்குச் சூடு வை.

தெஜோ


திசாஹால்மோஷ்,
ஏப்ரல் 21

எழுத்தாளராகிவிட்ட என் அண்ணாவுக்கு,

உன் அத்தியாயத்தை ஒரு தரம் படித்தேன், தூக்கம் வந்தது. மறுபடி படித்தேன், தூக்கமே போய்விட்டது! நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன்: 'ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளை ஞாயிறன்று ஒருத்தி இன்னொருத்திக்குத் தோழித் தட்டு அனுப்புவாள். அது நிரம்பித் திரும்பினால் இருவரும் சாகும்வரை உடன்பிறந்தவர்கள், ஒரே குடும்பத்தினர். காலியாகத் திரும்பினால், உன் உறவு வேண்டாம் என்று பொருள்.' உன் வாயில் சர்க்கரை போட வேண்டும்!

வெள்ளை ஞாயிறன்று வண்ண முட்டை, ஒயின், கசகசாச் சுருள் கேக் எல்லாம் வைத்து, பூத்துணி மூடி, நானே தெருவோடு நொண்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண்கள் செய்கிற சடங்கை இந்த உடம்போடு செய்தால் எப்படி இருக்கும்? நாய்கூடக் குரைக்க மறந்து பார்த்தது. போர்பாலா கதவைத் திறந்து, 'அடியே, உனக்கு மூளை கலங்கிடுச்சா?' என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது தட்டில் அவள் சுட்ட பொகாச்சா ரொட்டி, ஒரு குப்பி பாதாமிப் பழச் சாராயம். 'இந்தாங்க எட்டெல்கா, எடுத்துக்குங்க' என்றாள். தட்டு மாற்றிக்கொண்டவர்கள் மரியாதையாகப் பேச வேண்டுமாமே! இத்தனை வருஷம் அடியே போட்டவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாராய நெடியாகவும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறே ஆய்வாளர் வெண்டெல் கடையில் வந்து நின்றார். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நம் சாமியார் ஆரம்பித்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டே திரும்பலாம் என்பது உனக்குத் தெரியும். ஆள் வந்து சொன்னதும் ஆர்கனை விட்டு இறங்கிக் கடைக்கு வந்தேன்.

'கல்லாவில நிக்கறாங்களே, இவங்க யாரு?'

'எங்க அக்கா.'

'ரெண்டு பேருக்கும் அப்பா பேர் வேற வேறயா இருக்கே?'

'செத்துப்போன எங்க அப்பாவை இழுக்காதீங்க ஐயா. உயிரோட இருந்தப்பவே ஊர்ல அவரைப் பத்தி நிறையப் பேசினாங்க.'

அப்பா மன்னிப்பார். பிறகு உன் கையேட்டை விரித்தேன்.

'இது அரசாங்கப் புத்தகம்தானே? முன்னுரையில கையெழுத்து யாரோடது?'

'பிரதமரோடது.'

'அப்ப இதுல இருக்கறது பொய்யின்னு உங்க அறிக்கையில எழுதிடுங்க. நான் வேணும்னா சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.'

மனிதருக்கு வேர்த்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். போர்பாலா, 'சார், சாசேஜ் புதுசா வந்திருக்கு. நிறுக்கட்டுமா?' என்றாள். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய் உட்கார்ந்தபோதும் சாமியார் ஆமென் சொல்லவில்லை.

உன் அபார எழுத்தால் பிழைத்திருக்கும்
எட்டெல்கா


புடாபெஸ்ட்,
மே 8

எட்டெல்கா,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? உங்கள் ஊர்ப் பூக்காரி பக்கத்து வீட்டுக்காரிக்குத் தட்டு அனுப்பியிருக்கிறாள். வெள்ளை ஞாயிறு முடிந்த பிறகும் அனுப்புகிறார்களாம். மிட்டாய்க் கடை முதலாளி தன்னிடம் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தம்பியாகிவிட்டானாம்! எதிர்க்கட்சிப் பத்திரிகை கையேட்டின் என் பக்கத்தைப் படம் பிடித்து, 'அரசின் குடும்பக் கொள்கை வெற்றி' என்று தலைப்புப் போட்டிருக்கிறது. துறைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, 'உங்க தங்கச்சி நல்லா சிரிக்க வைக்கறாங்க. நீங்களும் சேர்ந்து சிரிக்கறீங்களா?' என்று கேட்டார். என் மேசையை ஜன்னலில்லாத அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரே வழிதான். போர்பாலாவுக்கு ஒரு காலித் தட்டை அனுப்பிவிடு. ஊருக்கு அர்த்தம் புரியும். விளையாட்டாகச் செய்தேன் என்று பத்திரிகைக்கும் ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் எனக்கு இங்கே வேலை நிலைக்காது. அதோடு, இனி உனக்குக் கடிதம் எழுதவும் என்னால் முடியாது.

தெஜோ


திசாஹால்மோஷ்,
மே 15

அண்ணா,

மாட்டேன்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் என்னைத் தெரியுமே, ஒரு சொல்லோடு நின்றிருந்தால் என் கல்யாணமே நிலைத்திருக்கும்.

உங்கள் பிரதமர் வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் அனுப்புகிறார்: நம் பண்பாட்டைக் காக்க வேண்டுமா? பதிலுக்கு இரண்டு கட்டம்: 'ஆம்', 'ஆம், உறுதியாக'. பக்கத்து ஊரில் பந்து மைதானம் கட்டியிருக்கிறார்கள். ஊர் மொத்தமும் போய் உட்கார்ந்தாலும் பாதி நாற்காலி காலி. இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போனேன். மேலே இருப்பவர்கள் விளையாட, கீழே இருப்பவர்கள் சிரிப்பது பழக்கம்தானே. ஆனால் குடும்பம் என்றால் யார் என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

என் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ தொலைபேசியில் ஆறுதல் சொன்னாய், நல்ல வார்த்தைகள். போர்பாலா வந்து என் தலையைப் பிடித்துக் குழாயடியில் காட்டி, 'அழுது முடிச்சியா? கடையத் திற' என்றாள். அவளுக்குக் காலித் தட்டு அனுப்பச் சொல்கிறாய். அவள் நான் தட்டு அனுப்பியதால் அக்கா ஆனவள் இல்லை. முன்பே அக்காதான், தட்டு தாமதமாகப் போனது.

பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினேன்: 'விளையாட்டில்லை.' கையெழுத்தும் போட்டேன்.

ஜன்னலில்லாத அறைக்கு ஒரு பூத்தொட்டி அனுப்பலாம் என்று பார்த்தேன். வெயிலில்லாமல் வாடிவிடுமாம். நீ வாடாதே.

எட்டெல்கா


திசாஹால்மோஷ்,
டிசம்பர் 22

அண்ணா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. பதில் வேண்டாம், பழகிவிட்டது. அபராதம் போட்டார்கள், கட்ட மறுத்தேன், வழக்கு நடக்கிறது. போர்பாலா ஒவ்வொரு ஞாயிறும் நிற்கிறாள். வெண்டெல் ஒவ்வொரு ஞாயிறும் வந்து எழுதிக்கொள்கிறார், சாசேஜும் வாங்குகிறார்.

எ.


புடாபெஸ்ட்,
ஏப்ரல் 20

அன்புள்ள எட்டெல்காவுக்கு,

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா?

செய்தி கேட்டிருப்பாய். பிரதமர் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். (எதிர்க்கட்சி பொது வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருந்ததையும் நீ கேட்டிருப்பாய். அதை நான் எழுதக் கூடாது.) உன் அபராதமும் ரத்து.

இப்போது துறையில் ஒரு யோசனை. மரபைக் காத்த ஊர் என்று திசாஹால்மோஷுக்கு அமைச்சரே வருகிறார். உனக்கு ஒரு பீங்கான் தோழித் தட்டை மேடையில் கொடுப்பார். அதில் நீ இரண்டு முட்டையும் ஒரு துண்டு கேக்கும் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னை மறுபடி ஜன்னல் பக்கம் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வர முடியாது, அலுவலகத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு முட்டை, எட்டெல்கா. வேறெதுவும் கேட்கவில்லை.

தெஜோ


திசாஹால்மோஷ்,
மே 4

ஜன்னலுக்குக் காத்திருக்கும் அண்ணாவுக்கு,

இரண்டு முட்டை அவித்தேன். சத்தியமாக. சாயமும் பூசினேன், ஒன்று கைதவறிப் பச்சையும் சிவப்புமாக நம் மாமா மூக்கைப் போல வந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினேன். உன் ஜன்னல்தான் நினைப்பில் இருந்தது.

அமைச்சர் பேசினார். 'இந்தத் தோழித் தட்டு மரபை அழியாம காப்பாத்தினது நம்ம அரசுதான்! குடும்பம்னா என்னன்னு இந்த ஊருக்கு நம்ம பிரதமர் சொல்லித் தந்தார்!' கீழே முதல் வரிசையில் போர்பாலா. ஒரு வருஷமாக வாராவாரம் வெண்டெலின் நோட்டில் பெயரெழுதப்பட்டவள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் சும்மா என்னைப் பார்த்தாள், கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

தட்டு வந்தது. உள்ளே ஒரு பாட்டில் ஒயின், பிரதமர் படம் போட்ட சாக்லேட். இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், சாக்லேட் என்ன பாவம் செய்தது? பிறகு கைக்குட்டையால் தட்டைப் பளபளவென்று துடைத்து, காலியாகத் திருப்பிக் கொடுத்தேன்.

சதுக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அமைச்சர் சிரித்தபடி, 'அவ்ளோதானா?' என்றார்.

'அவ்ளோதாங்க.'

அவருடைய உதவியாளன் ஒதுங்கிப் போய் யாருக்கோ போன் செய்தான். திரும்பி வந்து அமைச்சர் காதில் ஏதோ சொன்னான். அடுத்த நொடி என்ன நடந்தது தெரியுமா? அந்த மனிதர் காலித் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தொலைக்காட்சிக்காக மெதுவாகத் திரும்பித் திரும்பிக் காட்டினார்! ஊர் வெடித்துவிட்டது. பூக்காரி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். வெண்டெல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அமைச்சர் கைதட்டல் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார். எந்தப் புண்ணியவான் அவருக்கு அந்த யோசனை சொன்னானோ!

உன் ஜன்னலை நான் உடைத்துவிட்டேன், தெரியும். வருத்தம்தான், ஆனால் மறுபடி மேடை ஏறினாலும் இதையேதான் செய்வேன்.

முட்டைகள் மிச்சமிருந்தன. அவற்றைக் கசகசாச் சுருளோடு ஒரு தட்டில் வைத்து, பஸ் டிரைவரிடம் உனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பழைய மண் தட்டு, விளிம்பு உடைந்தது. நாம் ஏற்கெனவே அண்ணன் தங்கைதான், ஆனால் ஒரு வருஷம் அப்படித் தெரியவில்லையே. காலியாக வந்தால் அழுதுவிட்டுக் கடையைத் திறப்பேன். நிரப்பி அனுப்புவதாக இருந்தால், அரசாங்கச் செலவில் வாங்கியது எதுவும் வேண்டாம்.

எட்டெல்கா


புடாபெஸ்ட்,
மே 23

என் அன்புள்ள எட்டெல்கா அவர்களுக்கு,

தட்டு வந்தது. மாமா மூக்கை முதலில் சாப்பிட்டேன்.

அந்த உதவியாளன் போன் செய்தது எனக்குத்தான். 'சார், தட்டு காலியா வந்திருக்கு. இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?' என்று கேட்டான். அந்த ஜன்னலில்லாத அறையில் என் கையேட்டைத் தவிர எதிரில் ஒன்றுமில்லை. 'ரொம்ப உயர்ந்த அர்த்தம் தம்பி. எல்லாரும் பாக்கற மாதிரி தூக்கிக் காட்டச் சொல்லுங்க' என்றேன். வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் யாரோ செயலாளருக்கு என் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னை எழுத்தாளன் என்று முதன்முறையாக மதித்தார்கள். மாலைக்குள் வேலை போய்விட்டது. இப்போது எனக்கு வாரத்தில் எல்லா நாளும் ஞாயிறு.

திருப்பி அனுப்பும் தட்டில் இருக்கும் பொகாச்சா நானே சுட்டது. அடி கருகிவிட்டது, நடு வேகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் செய்யத் தோன்றியது. கீழே கடை திறந்திருந்தது, மாவு கிடைத்தது. வாங்கிக்கொண்டு வரும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போர்பாலா அவர்களிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் மாவு நிறுத்துப் போட ஆள் தேவைப்படுமா? அனுபவம் கிடையாது. ஆனால் குடும்பத்து ஆள். தொப்பியைக் கிணற்றில் போட்ட விஷயத்தை நான் மறந்துவிட்டதாகவும் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன்,
தெஜோ