இரண்டாவது பிரேக்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். கார் காவல் நிலைய வாசலில் நிற்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன், அதுவும் நலம்தான். கண்ணாடியில் மட்டும் புறா எச்சம்.

போனில் நீ கேட்டதற்கெல்லாம் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் டிரைவிங் ஸ்கூலின் மூத்த மாஸ்டர் ஓய்வு பெற்றார். மதியம் விருந்து. எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு மூன்று கிளாஸ் குடித்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. குடித்துவிட்டு ஓட்டாதே என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அல்லவா, ரொம்ப விவரமாக அம்மாவுக்குப் போன் செய்து வரவழைத்தேன். அவளிடம் பழகுநர் உரிமம் இருக்கிறது, பதினோரு வகுப்பு முடித்திருக்கிறாள். அவள் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்காருகிறேன், ஸ்டியரிங்கைத் தொடாதவன் மேல் என்ன குற்றம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

ரவுண்டானாவில் ஒரு பால் வேன் குறுக்கே வந்தது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயிற்சிக் கார் ஆயிற்றே, மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தேன். வண்டி வேனுக்கு அரை அடி முன்னால், ஒரு போலீஸ்காரருக்கு நேர் எதிரே நின்றது. அவர் நிதானமாக வந்து யார் பிரேக் போட்டது என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "நான்தான் சார், இல்லன்னா இடிச்சிருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாய் வாசனையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஊதச் சொன்னார். சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு. வண்டி என் கட்டுப்பாட்டில் இருந்ததாக எழுதிக்கொண்டார். நான் சொன்னதைத்தான் எழுதினார், அவரைக் குறை சொல்ல முடியாது.

உரிமம் போனால் மாஸ்டர் வேலையும் போகும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

நீ சொன்ன பெரிய வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் வழி சுலபமானது. பிரேக் போட்டது அம்மா, நான் போதையில் உளறினேன், நான் வெறும் பயணி. என் மேல் வழக்கு நிற்காது. உரிமத்தோடு நிதானத்தில் இருக்கும் துணை இல்லாமல் ஓட்டியதாக அம்மா மேல் ஒரு சின்ன வழக்கு வரும், இரண்டு வருடம் உரிமம் வாங்க முடியாது. "அவங்க வீட்டுலதானே இருக்காங்க" என்றார். அம்மாவும் தலையாட்டினாள்.

ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்றார் அம்மாவிடம். "நான்தான் பிரேக் போட்டேன்" என்று முதல் தடவை தடுமாறினாள். இரண்டாம் தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் தடவை அவரைப் பார்த்தே பிசிறில்லாமல் சொல்லிவிட்டு, "இப்ப சரியா இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்து முடித்ததும் அப்படித்தான் கேட்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது, குட்டி. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வக்கீலம்மா இருக்கிறாள். என்னிடம் படித்தவள்தான், டெஸ்டில் நாலு தடவை தோற்றவள். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், பிரேக் போட்டது நீங்கதானே? அப்ப அதையே சொல்லுவோம்" என்றாள். முதல் வழக்கு, யாருக்கும் அடிபடவில்லை, ஒப்புக்கொண்டால் உரிமத்துக்கு ஒரு வருடத் தடையோடு முடியலாம். உறுதி சொல்ல முடியாது என்றாள். அம்மா மேல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது தன் வேலை என்றும் சொன்னாள். அவளிடமே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாலைக் குறியீடுகளைப் போர்டில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை மட்டும் தரலாம் என்கிறார் முதலாளி. தராமலும் போகலாம்.

உனக்குக் கோபம் வரும். என்னைத் திட்டிக்கொள். ஆனால் அன்றைக்குப் போனில், "ஓட்டத் தெரியாதவங்க எதுக்கு ஓட்டணும்?" என்று கேட்டாய் இல்லையா, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. அம்மா எழுந்து போய் உரிமத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். இருபதாம் தேதி அவளுக்கு டெஸ்ட். போகமாட்டேன் என்கிறாள். மீதி வகுப்பை எடுக்க இன்னொரு மாஸ்டர் தயாராக இருக்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டாள், சொல்லும் தகுதியும் இப்போது எனக்கு இல்லை.

நீ அவளுக்குப் போன் செய். எனக்கு வேண்டாம், அவளுக்கு. லீவில் வரும்போது, 'ரயில்வே ஸ்டேஷனுக்கு நீதான் காரில் வந்து கூட்டிப்போக வேண்டும்' என்று கேள். நீ முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அங்கே பிரேக் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா