சாமிப் பலகையில் இறங்கிய அக்காவுக்கு

என் செல்லம்மாக்கா, எங்கே இருந்தாலும் காதைக் கொடு.

நேற்றுக் காலையில் துறைக்குப் போனேன். மகாவலி மேல் பனி படுத்துக் கிடந்தது, அக்கரையே தெரியவில்லை. தோணி அந்த வெள்ளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. தண்ணீரில் போகிறதா, ஆகாயத்தில் போகிறதா என்று சொல்ல முடியாது. உனக்கு ஒரு சேதி இருக்கிறது. துறையில் சரிவுப் பாதை போட்டுவிட்டார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, சீமெந்தில், இரண்டு பக்கமும் கம்பி வைத்து, தோணியின் வாய் வரைக்கும்.

கேட்டதும் சிரிக்கிறாயா, வைகிறாயா?

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இரண்டு காலையும் கொண்டுபோனது. நகரசபைக் கூலிகள் இருந்த வரிசை வீட்டு லயத்து வாசலில் உட்கார்ந்து அப்பா உனக்குச் செய்துகொடுத்த சில்லுவண்டி, ஒரு பலகையும் நாலு இரும்புச் சில்லும்தான். அதில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு, சந்தை வரைக்கும் போய் வந்துவிடுவாய். ஆற்றங்கரைப் படிக்கட்டு வந்தால்தான் நின்றுபோவாய். அக்கரையில் அக்குறணை ஊர் முஸ்லிம் நானா ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். நீ எடுத்த காஜாவைப் பார்த்துவிட்டு, "மகள், நீங்க வந்தாப் போதும், கை மெசினத் தரையில எறக்கி வெச்சுத் தாறேன்" என்றார். அன்று முழுக்க நீ தரையில் இல்லை.

தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் இல்லை. ஒருவன் தூக்கினான். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாய்: "தூக்குறவன் கை எங்கெல்லாம் போகுதுன்னு தூக்கப்பட்டவளுக்குத்தான்டி தெரியும். இனிமே என்னை ஒருத்தனும் தொடக்கூடாது." அவன் பெயரை நான் மறக்கவில்லை. அவன் செத்த வீட்டுக்கும் போகவில்லை.

மாரியம்மன் திருவிழாவில் சாமி அக்கரைத் தோட்டத்துக்குப் போகும். அன்றைக்கு மட்டும் கோயில் கொட்டகையிலிருந்து அந்த நீளப் பலகை வரும். அதைப் படிக்கட்டு மேல் சாத்தினால், சில்லு வைத்த சகடையில் இருக்கும் அம்மன் குலுங்காமல் தோணிக்குள் இறங்கிவிடுவாள். நீ அதைப் பார்த்துவிட்டுத் தருமகர்த்தாவிடம் நேரே போனாய்.

"ஐயா, வருசம் பூரா அது சும்மாத்தானே கெடக்கு. எனக்கும் போடச் சொல்லுங்களேன்."

"ஏம்மா, நீயும் அம்மனும் ஒண்ணா?"

"ரெண்டு பேரும் நடக்குறதில்லையே, ஐயா."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பலகை மட்டும் வரவில்லை. மெசின் வேறொருத்திக்குப் போனது.

பிறகு அந்தக் கலவரம். டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. லயத்துக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டு எல்லாரும் துறைக்கு ஓடினோம். தோணிக்காரர் பண்டா, சிங்கள மனுசன், ஓயாமல் நம் சனத்தை ஏற்றி அக்கரையில் விட்டுக்கொண்டிருந்தார். தருமகர்த்தா, "அந்தப் பொண்ணத் தூக்கி உள்ள போடுங்கப்பா!" என்று கத்தினான். இரண்டு பேர் வந்தார்கள். நீ கரையோர மரத்து வேரைப் பிடித்துக்கொண்டாய்.

"தொடாதீங்க. பலகையப் போடுங்க, நானே வர்றேன்."

"உசுரு போற நேரத்துல என்ன வீம்பு?" என்றான் தருமகர்த்தா. உன் பின்னால் லயத்துக் கூரை மேல் புகை எழுந்தது. நீ வேரை விடவில்லை. பண்டா கரையில் குதித்தார். தோணிக் கழியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைப் பூட்டை உடைத்தார். பலகையைத் தோளில் சுமந்து வந்து சாத்தினார்.

நீ இறங்கினாயே, அக்கா! அந்தக் கூச்சலுக்குள் உன் சில்லுச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. நடு ஆற்றில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, நீ தண்ணீரில் கையை விட்டு, என் காதில் கேட்டாய்: "இன்னொரு தரம் போவோமாடி?" பைத்தியம் என்று நினைத்தேன். இப்போது கண்ணை மூடினால் புகை வருவதில்லை, அந்தக் கைதான் வருகிறது.

ஊர் அடங்கித் திரும்பியதும் தருமகர்த்தா தீட்டுப் பட்டதென்று பலகையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினான். அவன் கையால் நான் அதற்குப் பிறகு திருநீறு வாங்கியதில்லை. அடுத்த மழையில் நீ காய்ச்சலோடு போய்விட்டாய். நீ கேட்ட இன்னொரு தரம் வரவேயில்லை.

இந்தச் சரிவுப் பாதையும் உனக்குப் போட்டதில்லை. வடக்குச் சண்டையில் கால் போய்த் திரும்பும் பட்டாளத்துப் பையன்களுக்குப் போட்டது. நீ ஒருத்தி கேட்டபோது முடியாதது, இத்தனை பேர் காலை இழந்த பிறகு முடிந்திருக்கிறது. அந்தக் கம்பியைத் தொடாமல்தான் நின்றேன்.

அப்போது சில்லு வைத்த கதிரையில் உட்கார்ந்தபடி ஒருவன் வந்தான். பார்த்தால், பண்டாவின் மகன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. நாலு பேர் ஓடிவந்து கதிரையைப் பிடித்தார்கள். "அல்லன்ன எப்பா" என்றான், பிடிக்க வேண்டாம் என்று. அது உன் குரல், அக்கா. தானே இறங்கினான். கீழே போய்த் திரும்பி என்னைப் பார்த்து, அரைகுறைத் தமிழில் கேட்டான்:

"ஆச்சி, அந்த அக்கா வண்டி இன்னும் இருக்கா? அப்பா கதை சொல்லியிருக்கு."

"கட்டிலுக்குக் கீழ இருக்கு."

"கொண்டு வாங்க. இது நல்ல பாதை."

வடக்கில் அவன் என்னென்ன செய்தானோ, நான் கேட்கவில்லை. தோணி கிளம்பியது. பனி அவனை எடுத்துக்கொண்டது.

சாமிப் பலகை செல்லரித்துப்போயிற்றாம். இந்த வருசம் அம்மனும் சீமெந்துப் பாதையில்தான் இறங்கப்போகிறாள். பழையவன் மகன்தான் இப்போது தருமகர்த்தா. அம்மனுக்கு முன்னால் ஒரு வண்டி இறங்கும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

"யாரு பாட்டி வர்றது?"

"ஒங்கப்பன்கிட்ட பலகை கேட்டவ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனியட்டும்.

சில்லுக்கு எண்ணெய் விட்டுவிட்டேன். திருவிழா அன்று வண்டியைப் பாதையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, நான் தோணிக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். உனக்குச் சத்தியம் பண்ணுகிறேன், ஒருத்தனையும் தொட விடமாட்டேன்.

நீயே வா. இன்னொரு தரம் போவோம்.

உன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து வளர்ந்த தங்கச்சி,
பாக்கியம்