கதவடிப் பாம்பு

அன்பு மனைவி லூபே,

ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே டாஸ்மேனியாவில் குளிர் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க ஹீட்டர் ஓடியும் வீடு சூடாகவில்லை. கரண்ட் பில்லைப் பார்த்த, என்னோடு இந்த வீட்டில் தங்கியிருக்கும் செமிசி, "நம்ம ஹீட்டர்ல தெருவே குளிர்காயுதுடா" என்றான்.

நேற்று பக்கத்து வீட்டு டியட்ரா வந்தாள். பஸ் ஓட்டுகிறவள். மெழுகுவத்தியைக் கொளுத்தி வாசற்கதவின் அடியில் பிடித்தாள். சுடர் உள்பக்கமாகப் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா? குளிர் இந்த வழியாத்தான் வருது" என்றவள், பைக்குள்ளிருந்து ஒரு பாம்பை எடுத்துப் போட்டாள். நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். நம் ஊர்த் தீவில் ஏது பாம்பு!

"இறங்குய்யா, துணிதான்! உள்ள மணல்."

அதைக் கதவடியில் நெருக்கி வைத்தாள். சுடர் மெல்ல எழுந்து, அசையாமல் நின்றது. லூபே, காற்றை நான் கண்ணால் பார்த்தேன்! செமிசி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டான். இப்போது ஹீட்டரைப் பாதியாகக் குறைத்தும் வீடு கதகதவென்று இருக்கிறது.

என் அறைக் கதவுக்குத்தான் இன்னும் பாம்பில்லை. உன் பழைய பாவாடை ஒன்றை அனுப்பு, நானே தைத்துக்கொள்கிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் தோட்டத்து வேன் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

உன்
லொப்பெட்டி

பாவாடையைத் துவைத்துவிடாதே. அப்படியே அனுப்பு.