பாதி ஆர்டர் பொய்யென்று நீ சொன்னாய்

என் அன்பு மாப்பிள ஜெபா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை ஷீலாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நம்ம ஊர்ச் சங்க மலருக்குக் கொடுக்கிறேன். தங்கைக்குத் தெரியாமல் அவள் புருஷனிடம் எப்படிப் பேச?

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய ஹாலோ பிளாக் சிமென்ட் கல் கம்பெனி இரணியல் ரோட்டில் இன்னும் ஓடுகிறது. என் மகள் ஜெனி நாகர்கோவிலில் மேனேஜ்மென்ட் படிக்கிறாள். 'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்று ஒரு பாடமாம். ஒரு தொழிலில் எது எதைக் கூட்டுகிறது, எது எதைக் குறைக்கிறது, அதற்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டரில் வரைந்து, ஓடவிட்டுப் பார்ப்பார்கள். புராஜெக்டுக்கு நம்ம கம்பெனியையே எடுத்துக்கொண்டாள். பைக்கில் சுற்றி ஆர்டர் பிடித்து நீ எழுதிவைத்த நோட்டுகளைக் கொடுத்தேன்.

முதலில் ஒத்துவரவில்லை. நிஜத்தில் நீ நம்மோடு இருந்த கடைசி மழைக்காலத்தில் ஆர்டர் விறுவிறுவென்று ஏறி, பிறகு தலைகீழாக விழுந்தது. அவள் வரைந்த கோடோ சும்மா படுத்துக் கிடந்தது.

"அப்பா, கல்லு கிடைக்க லேட்டானா மேஸ்திரிமாரு என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். உன் வாயால் கேட்டதுதானே.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மழையில் கல் காயவில்லை. ஒரு வாரத்தில் கொடுத்துவந்த கல்லுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அப்போதுதான் போன் விடாமல் அடித்தது. இரண்டாவது மிஷின் வாங்கலாம் என்றேன். நீ வேண்டாம் என்றாய்.

"மச்சான், இதுல பாதி ஆர்டர் பொய்யாக்கும். கேட்டதுல பாதிதான் கிடைக்கும்னு ஒவ்வொருத்தனும் ரெட்டிப்பா கேக்கான். நம்மகிட்டயும் சொல்லுகான், மார்த்தாண்டம் கம்பெனியிலயும் சொல்லிவைக்கான். நாம நேரத்துக்குக் குடுத்துட்டா இந்தக் கூட்டம் இருக்காது."

"நீ பைக்குல சுத்துகவன். உனக்கு என்னவே தெரியும்?" என்றேன்.

மிஷின் வந்தது. கல் நேரத்துக்குப் போனது. இரண்டே மாதத்தில் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. முற்றம் முழுக்கக் கல் அடுக்கிக் கிடந்தது. நான் என்ன செய்தேன்? வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் உன் மேல் பாய்ந்தேன். "ஒழுங்கா ஆளப் போய்ப் பாத்திருந்தா ஆர்டர் எங்க போயிருக்கும்?" என்றேன்.

மறுநாளிலிருந்து நீ வரவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். நாலாம் மாதம் அந்தக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், பிறகு எழவே இல்லை. என்னால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லத்தான் யார் இருக்கிறார்கள்?

நீ சொன்னதை அப்படியே ஜெனியிடம் சொன்னேன். தாமதம் கூடினால் ஆர்டர் கூடும், ஆர்டர் கூடினால் தாமதம் இன்னும் கூடும் என்று ஒரு வளையம் போட்டாள். இரண்டாவது மிஷின் வந்த நாளையும் சேர்த்து ஓடவிட்டாள். கோடு ஏறியது, விழுந்தது. நம்ம நோட்டில் இருப்பது போலவே.

"யார் மேலயும் தப்பில்லப்பா. அமைப்பே அப்படி," என்றாள். பிறகு, "இத அப்பவே யாரும் உங்ககிட்ட சொல்லலியா?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் ஷீலாவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எனக்கு இது புதுசா அண்ணா? அவங்க இருக்கும்போ வந்து சொல்லியிருக்கப்பிடாதா?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

மாப்பிள, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. ஆனால் அன்று நின்று கேட்ட வேலையாட்களில் நாலு பேர் இன்னும் நம்மிடம் இருக்கிறார்கள். திங்கட்கிழமை மிஷினை ஓட்டுமுன் அவர்களிடம் சொல்வேன்: ஜெபா சொன்னதுதான் சரி, கேட்காதது நான். வேலையை விட்டுப்போன ரெண்டு பேர் இராஜாக்கமங்கலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் போவேன். போனில் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

கம்பெனியை விட்டபின் நீ உயிரோடிருந்த அந்த நாலு மாதமும் உன் வீட்டுப் படி ஏறாத
உன் மச்சான்,
ஸ்டீபன்