அப்பா பெயர் போட்ட தோட்டம்

ஜூன் 4
போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் தொலைந்தேன்.

பயிற்சிக்குப் போய்வந்து அம்மா ஒட்டுக் கட்டிய நாற்றுகளை இன்று நட்டாயிற்று. கீழே காட்டுக் கத்தரி வேர், மேலே தக்காளித் தண்டு, சேர்த்துப் பிடிக்க ஒரு சின்ன கிளிப். எங்கள் மண்ணில் இருக்கும் வாடல் நோய் அந்தக் கத்தரி வேரை ஒன்றும் செய்யாதாம். வெளிநாட்டுக்காரர்களும் நம் ஆபீசர்களும் சேர்ந்து நடத்துகிற திட்டம். இந்தத் தக்காளி தேறினால் இங்கே ஒரு நாற்றுக்கூடம் கட்டி, அம்மா பொறுப்பில் விடுவார்கள். அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். இதற்கு முன் கேட்டதே இல்லை.

தோட்டத்தில் போர்டு வைத்துவிட்டார்கள். அதில் அப்பா பெயர்.

ஜூன் 22
நாளை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அப்பா மண்வெட்டியோடு இறங்கி எல்லாச் செடிக்கும் மேடாக மண் அணைத்துவிட்டார். ஒட்டுகள் எல்லாம் மண்ணுக்குள்ளே. முடிச்சு முடிச்சாகத் தெரிவது அசிங்கமாம்.

"ஐயோ, ஒட்டு மண்ணுல படக்கூடாதுங்க! தக்காளித் தண்டு தனியா வேர் விட்டுடும். நோய் அது வழியா ஏறிடும்." அம்மா கையாலேயே மண்ணை விலக்கினாள்.

"நாலு நாள் ட்ரெயினிங் போயிட்டு வந்து எனக்கே தக்காளி சொல்லித் தர்றியா? வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்க வேணாமா?"

விலக்கிய கையை மிதித்தார். செருப்புக் காலோடு. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜூன் 23
கைதட்டினார்கள். அப்பாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா வீங்கிய விரலோடு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

ஜூலை 14
செடிகள் வாடுகின்றன.

ஜூலை 16
பாதித் தோட்டம் போய்விட்டது. "எல்லாம் இவ கட்டின லட்சணம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார் அப்பா. ஏம்மா பேச மாட்டேங்கிற? வாயில்லையா உனக்கு? — எனக்கு மட்டும் இருக்கா?

ஜூலை 21
தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரம்மா காரணம் பார்க்க வந்தாள். கூட வந்த ஆபீசர் ஜீப் பக்கம் போனில் கத்திக்கொண்டிருந்தார். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவள் மண்டிபோட்டு ஒரு செடியைத் தோண்டினாள். ஒட்டுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக வேர். யார் மண் அணைத்தது என்றாள். அதைத் தமிழில் கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான்" என்றாள் அம்மா.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: அவர்தான் செய்தார், இவள் வேண்டாம் என்றாள், கையை மிதித்தார். நானா சொன்னேன்? என் வாயா அது?

அவள் அம்மாவின் கறுத்த நகத்தையே பார்த்தாள்.

"என்னடி இவ்வளவு நீளமா சொல்ற?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்ப்பா, நீளும்."

திரும்பினால் பின்னால் ஆபீசர். எப்போது வந்து நின்றார்?

ஜூலை 24
ஜீப் சத்தம் கேட்டாலே கொல்லைப் பக்கம் ஓடிடறேன். ஆபீசர் அப்பாகிட்ட சொல்லிடுவாரோ? சொல்லிட்டா—

ஆகஸ்ட் 2
அப்பா இல்லாத நேரம் பார்த்து ஆபீசர் வந்தார். நாற்றுக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்காம்.

"உங்களுக்குத் தொழில் நல்லாத் தெரியும்னுதாம்மா அந்த வெளிநாட்டம்மா எழுதியிருக்காங்க. ஆனா கையை மிதிச்ச கதையையும் எழுதிட்டாங்க. புருஷன் பெண்டாட்டி சண்டை இருக்கற வீட்ல திட்டத்தைக் கொண்டுபோய் வைக்க வேணாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. உங்க பொண்ணு கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம். நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உண்மையச் சொன்னதுக்கு தண்டனை அம்மாவுக்கு. மிதிச்சவருக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு நியாயம்!

ஆகஸ்ட் 30
அம்மா அந்த நாற்றுக்கூடத்துக்குக் கூலிக்குப் போகிறாள். அங்கே பொறுப்பில் இருப்பவளுக்கு ஒட்டுக் கட்டத் தெரியாது. அம்மா கட்டுகிறாள், அவள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அங்கே மண் சுமக்கிறாள் என்றுதான் அப்பா நினைக்கிறார். கேட்டால்தானே தெரியும்.

அக்டோபர் 11
அப்பா வண்டியிலிருந்து தட்டுத் தட்டாக நாற்று இறக்கினார். அக்கரை நாற்றுக்கூடத்தில் விலைக்கு வாங்கியது.

"ஒட்டு எப்படிக் கூடியிருக்கு பார்த்தியா? வேலைன்னா இது வேலை" என்று என்னிடம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு தூரம் கற்றுக்கொண்டேன்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள்.

"தெரியுமா, ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணுமாம். அங்க சொன்னாங்க" என்றார் அப்பா.

"அப்படிங்களா?" என்றாள் அம்மா. கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.