பட்டியலில் காலியாக வந்த ஏழு கட்டம்

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து சாரத்தில் இருக்கும் ஆபீஸ் வருவதற்குள் ஸ்கூட்டர் இரண்டு தரம் நின்றது.

உள்ளே நுழைந்ததும் எங்கள் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் சார். வீடு வீடாகப் போய்ப் புண் கட்டும் நர்ஸ்களுக்கு நான் தினமும் எடுத்துத் தரும் பட்டியல் கையில். "என்னம்மா இது, நர்ஸ் பேர் எடத்துல ஏழு கட்டம் காலியா கெடக்குது? நன்கொடை குடுக்கறவங்க பாத்தா அசிங்கம்."

நோயாளி விவரத்தில் தெருப்பெயர் மட்டும்தான். எந்தத் தெருவுக்கு எந்த நர்ஸ் என்பது தனி அட்டவணை. தெருப்பெயரை வைத்து இரண்டையும் சேர்க்கிறேன். அட்டவணையில் அந்தத் தெரு இல்லையென்றால் காலியாகத்தான் வரும். சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

தொலையட்டும். பொருந்தாத வரியே வராதபடி, கம்ப்யூட்டரில் பட்டியல் எடுக்கும் க்வெரியை மாற்றிவிட்டேன். ஒரு சொல்தான். பட்டியல் பளிச். சாருக்குப் பரம திருப்தி.

வாங்க: பால், அம்மா மாத்திரை, ஸ்கூட்டர் பிளக்.

நவ. 14, வெள்ளி

ஏ.சி. தண்ணீர் என் மேஜையில் மட்டும்தான் சொட்டும் போல. பிளக் மாற்றியும் வண்டி நிற்கிறது. மெக்கானிக், "கார்ப்ரேட்டர்க்கா." போன வாரம் பிளக் என்றதும் இவன்தான்.

நவ. 19, புதன்

செல்வி அக்கா, எங்கள் சீனியர் நர்ஸ், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, "ஏண்டி, காலி கட்டமெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்க்கா."

"காலியா இருந்தா அது எனக்குன்னு அர்த்தம்டி. நான்தான் அந்த வீட்டுக்கெல்லாம் போவேன். வேற யாருக்கோ பிரிச்சுட்டாங்கன்னு இருந்துட்டேன்."

யாரும் எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் விட்டுப்போன ஏழு பேரையும் தேடி எடுத்தேன்.

ஏழு பேரும் பழைய பிரெஞ்சுத் தெருப்பெயரையே சொல்கிற குடும்பம். பதிவு செய்தவர்கள் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். அட்டவணையிலோ புதுப்பெயர் மட்டும். பழைய பெயருக்கும் வரி சேர்த்தேன். பொருந்தாததும் இனி வரும், காலியாகவே. சார் கத்தட்டும்.

ஏழு பேருக்கும் போன் போட்டேன், ஆறு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிக்கொண்டார்களாம். லூர்துமேரி அம்மா எடுக்கவில்லை. சர்க்கரை, காலில் புண், தனியாக இருக்கிறார். மகள் பிரான்சில்.

நவ. 20, வியாழன்

லூர்துமேரி அம்மா வீட்டுக்கு அக்காவோடு நானும் போனேன். கதவு திறக்கவே வெகுநேரம் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீ யாரும்மா?"

பட்டியல் எடுக்கிறவள், உங்கள் பெயரை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நின்றேன்.

"இந்தக் காலு இனிமே தேறாதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் போன் பண்ணல."

அக்கா பழைய கட்டைப் பிரித்தாள். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. சலைன் விட்டு ஊறவைக்க வேண்டியிருந்தது. நான்தான் ஊற்றினேன்.